பழைய காரில் ஒரே போர்ட், மூன்று கருவிகள்: எதை எங்கே மாட்டுவது?

ஸ்டீயரிங்குக்குக் கீழே, காரின் கம்ப்யூட்டரோடு பேசுவதற்காக இருக்கும் ஓ.பி.டி. போர்ட் ஒன்றுதான். அதில் மாட்ட ஆசைப்படும் சாமான்களோ கூடிக்கொண்டே போகின்றன. வேகத்தையும் டெம்பரேச்சரையும் கண்ணாடி ஓரத்தில் காட்டும் எச்.யூ.டி. ஒன்று, போனில் பார்க்க ஒரு ப்ளூடூத் அடாப்டர், செக் இன்ஜின் விளக்கு எரிந்தால் மெக்கானிக் கொண்டுவரும் ஸ்கேனர். புதுக் கார்களில் இதில் பாதியைக் கம்பெனியே திரையில் காட்டிவிடுகிறது. பன்னிரண்டு, பதினைந்து வருடம் ஓடிய கார் வைத்திருப்பவர்கள்தான் இதற்காக அலைகிறோம்.

என்னுடையது 2009 மாடல் பெட்ரோல் கார். ஆர்.சி.யைப் புதுப்பித்தாயிற்று, இன்னும் சில வருடம் ஓட்டுவதாகத்தான் எண்ணம். அதில் டெம்பரேச்சர் முள்ளே கிடையாது. தண்ணீர் கொதிநிலைக்குப் போன பிறகு ஒரு சிவப்பு விளக்கு எரியும், அவ்வளவுதான். கத்திரி வெயிலில் ஏ.சி. போட்டுக்கொண்டு கிண்டி நெரிசலில் நிற்கும்போது அந்த ஒரு விளக்கை நம்பி இருக்க எனக்கு மனம் வரவில்லை. அதனால் இரண்டு வருடத்தில் நான்கு விதமாக மாட்டிப் பார்த்தேன். எது யாருக்குச் சரிப்படும் என்று எனக்குத் தெரிந்த வரையில் சொல்கிறேன்.

முதலில் டார்ச் அடித்துப் பாருங்கள்

எதையும் வாங்குவதற்கு முன்னால் போர்ட்டுக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். அகலமான பக்கம் மேலே இருக்கும்படி பார்த்தால், மேல் வரிசையில் இடமிருந்து வலமாக 1 முதல் 8, கீழே 9 முதல் 16 என்று மொத்தம் 16 ஓட்டைகள் இருக்கும். இவற்றைத்தான் பின் என்கிறார்கள். எல்லாவற்றுக்குள்ளும் உலோகம் இருக்காது. 16-வது பின் பேட்டரி பாசிட்டிவ். 4, 5 இரண்டும் எர்த். 6-லும் 14-லும் உலோகம் பளபளத்தால் அது கேன் என்ற புது வகை இணைப்பு. அவை காலியாக இருந்து 7-ல் மட்டும் உலோகம் தெரிந்தால் கே-லைன் என்ற பழைய வகை. சில கார்களில் இரண்டுமே இருக்கும். அப்போது அடாப்டரை மாட்டி, எந்த புரோட்டோகாலில் பேசுகிறது என்று ஆப்பில் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

சென்னைக்கு பி.எஸ்.4 என்ற புகை விதி வந்தது 2010 ஏப்ரல் 1-ல். ஓ.பி.டி.யின் முதல் கட்டமும் அதே நாளில் கட்டாயமானது. இரண்டாம் கட்டம் 2013 ஏப்ரலில் வந்தது. அதற்கு முந்தைய கார்களில் என்ன கொடுப்பது என்பது அந்தந்தக் கம்பெனியின் விருப்பம். போர்ட்டின் வடிவம் ஒன்றாகவே இருக்கும். ஆனால் உள்ளே ஓடுவது கம்பெனியின் சொந்த பாஷையாக இருக்கலாம். அப்படிப்பட்ட காரில் பொதுவான அடாப்டர் எதுவும் பேசாது. கார்புரேட்டர் கார்களுக்கு இந்தப் பேச்சே இல்லை. அவர்கள் நேராகத் தனி சென்சார் பகுதிக்குப் போய்விடலாம்.

கே-லைனா கேனா என்பது ஏன் இவ்வளவு முக்கியம்? கே-லைன் என்பது ஒரே ஒரு ஒயர். வினாடிக்கு 10,400 பிட் வேகம். கருவி ஒரு கேள்வி கேட்கும், இ.சி.யூ. (இன்ஜினை நடத்தும் கம்ப்யூட்டர்) 25 முதல் 50 மில்லி வினாடிக்குள் பதில் சொல்லும். அடுத்த கேள்விக்கு முன் குறைந்தது 55 மில்லி வினாடி காத்திருக்க வேண்டும். கணக்குப் போட்டால் ஒரு வினாடிக்கு எட்டு கேள்வி தாண்டுவதே கஷ்டம். என் காரில் ஐந்தாறுதான் கிடைக்கிறது. அதைவிட முக்கியமான விஷயம், இந்த ஒயரில் கேள்வி கேட்பவர் ஒருவர்தான் என்று வைத்தே விதிகளை எழுதியிருக்கிறார்கள். பல கார்களில் பேச்சைத் தொடங்க, கருவி அந்த ஒயரின் வோல்டேஜை மிக மெதுவாக, ஒரு பிட்டுக்கு 200 மில்லி வினாடி என்ற கணக்கில் இழுத்து இ.சி.யூ.வை எழுப்பும். அதற்கே இரண்டு வினாடி ஆகும். ஏற்கெனவே ஒரு கருவி பேசிக்கொண்டிருக்கும்போது இன்னொன்று இப்படி ஒயரை இழுத்தால் முதல் பேச்சு அறுந்துவிடும்.

ஒய் கேபிள்

இது தெரியாமல்தான் நான் முதலில் ஒய் கேபிள் வாங்கினேன். ஒரு முனையை போர்ட்டில் செருகி, மற்ற இரண்டில் எச்.யூ.டி.யையும் ப்ளூடூத் அடாப்டரையும் மாட்டினேன். ஒரு வாரம் எந்தத் தொந்தரவும் இல்லை. ப்ளூடூத் அடாப்டர் ஆப் கேட்கும்வரை வாயைத் திறக்காது. நானும் அந்த வாரம் ஆப்பைத் திறக்கவில்லை. அதனால் எச்.யூ.டி. தனி ராஜாவாக ஓடிக்கொண்டிருந்தது.

அடுத்த வாரம் ஒரு மதியம், ஜி.எஸ்.டி. சாலையில் மீனம்பாக்கம் பக்கம் வண்டிகள் நகரவே இல்லை. சும்மா நிற்கிறோமே என்று போனில் ஆப்பைத் திறந்தேன். அது சுற்றிச் சுற்றி இணையப் பார்த்தது, இணையவில்லை. விட்டுவிட்டேன். கண்ணாடியில் எச்.யூ.டி. வேகம் 0, டெம்பரேச்சர் 88 என்று காட்டிக்கொண்டிருந்தது. கார் நின்றுகொண்டிருந்ததால் 0 சரி. 88-ம் சரியான எண்தான். கொஞ்ச நேரத்தில் ஏ.சி.யில் வெதுவெதுப்பான காற்று வந்தது. வெயில் அதிகம் என்று நினைத்துக்கொண்டேன். சாலை திறந்து கார் உருண்டபோதும் கண்ணாடியில் வேகம் 0 என்றே இருந்தது. அப்போதுதான் வயிற்றைக் கலக்கியது. அந்த 88 எத்தனை நிமிடத்துக்கு முந்தைய 88?

ஓரமாக ஒதுக்கி பானெட்டைத் திறந்தால் ரிசர்வ் டப்பாவில் தண்ணீர் குமிழ் விட்டுக் கொதித்துக்கொண்டிருந்தது. ரேடியேட்டர் ஃபேன் ஓடவே இல்லை. அதன் சாக்கெட் உருகிக் கருகியிருந்தது. முக்கால் மணி நேரம் மூடியைத் தொடாமல் காத்திருந்தேன். சூட்டோடு மூடியைத் திறந்தால் அழுத்தத்தில் இருக்கும் வெந்நீர் முகத்தில் அடிக்கும், அதை மட்டும் யாரும் செய்யாதீர்கள். ஹெட் கேஸ்கட் தப்பித்தது என் அதிர்ஷ்டம்.

ஃபேன் கெட்டது ஒய் கேபிளால் அல்ல. ஆனால் ஃபேன் கெட்டதை எனக்குச் சொல்லியிருக்க வேண்டிய கருவியை ஊமையாக்கியது அந்த கேபிள்தான். எண்ணே காட்டாத திரையாக இருந்திருந்தால் நான் சந்தேகப்பட்டிருப்பேன். பழைய எண்ணை அப்படியே பிடித்து வைத்திருந்ததால் நம்பிவிட்டேன். எனவே கே-லைன் காருக்கு ஒய் கேபிள் வேண்டாம் என்பதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை.

கேன் காராக இருந்தால் நிலைமை வேறு. அந்த இணைப்பு பல கருவிகள் ஒரே ஜோடி ஒயரில் பேசுவதற்காகவே உருவானது. வேகமும் பொதுவாக வினாடிக்கு 500 கிலோபிட். எச்.யூ.டி.யும் போன் ஆப்பும் பெரும்பாலும் சேர்ந்தே ஓடும். அங்கேயும் ஒரு சிக்கல் உண்டு. இரண்டு கருவிகளும் கேள்வி கேட்பது ஒரே அடையாள எண்ணில். இருவரும் ஒரே கணத்தில் வேறு வேறு கேள்வி கேட்டால் மோதும், மறுபடி கேட்க வேண்டிவரும். ஒருவர் கேட்டதற்கு வந்த பதிலை மற்றவர் தனக்கு வந்ததாக எடுத்துக்கொள்வதும் நடக்கும். வேகம், டெம்பரேச்சர் போன்ற சின்னப் பதில்களில் இது பெரிதாகத் தெரியாது. பல துண்டுகளாக வரும் நீளமான பதில்களில், குறிப்பாக எரர் கோடு (கார் பதிந்து வைத்த கோளாறு எண்) படிக்கும்போதும் அழிக்கும்போதும், குழப்பம் வரும். எரர் கோடு பார்க்க வேண்டும் என்றால் மற்றதைக் கழற்றிவிட்டுப் பாருங்கள்.

இன்னொரு விஷயம். கால் டாக்ஸி ஓட்டும் நண்பர்கள் சிலர் ஜி.பி.எஸ். டிராக்கர், டேஷ் கேமரா எல்லாவற்றையும் இதே போர்ட்டில் தொங்கவிடுகிறார்கள். இ.சி.யூ.விடம் எதுவும் கேட்காமல் கரன்ட் மட்டும் எடுக்கும் கருவிக்கு அங்கே வேலையே இல்லை. ஃப்யூஸ் பாக்ஸிலிருந்து தனி லைன் எடுத்துவிட்டால் போர்ட்டில் பாதி நெரிசல் தீர்ந்துவிடும்.

ஸ்விட்ச் வைத்த ஸ்ப்ளிட்டர்

இரண்டு கருவிகளை மாட்டி, ஒரு நேரத்தில் ஒன்றுக்கு மட்டும் லைன் கொடுப்பது இது. மோதல் வராது, கே-லைனுக்கும் பாதுகாப்பானது. ஆனால் ஓட்டும்போது காலடியில் கைவிட்டு ஸ்விட்சைத் தள்ள முடியாது. தள்ளினாலும் மறுபடி எழுப்பி இணைய சில வினாடிகள் ஆகும். ஒன்றைக் கழற்றி இன்னொன்றைச் செருகினாலும் இதே பலன்தான், செலவும் இல்லை. எனக்கு இதில் லாபம் தெரியவில்லை.

ஒரே அடாப்டர், ஒரே திரை

மீனம்பாக்கத்துக்குப் பிறகு நான் வந்து நின்ற இடம் இது. போர்ட்டில் ஒரே அடாப்டர். கேள்வி கேட்பது அது மட்டும். அது கொண்டுவரும் எண்களை ஒரே திரையில் நாலைந்து டயலாக வைத்துக்கொள்வது. டார்க் ப்ரோ, கார் ஸ்கேனர் போன்ற ஆப்களில் ஒரு பக்கத்தில் வேண்டிய டயல்களை நாமே அடுக்கலாம். டெம்பரேச்சர் இவ்வளவு தாண்டினால் சத்தம் போடு என்றும் சொல்லி வைக்கலாம். என் பக்கத்தில் நான்கு டயல்தான்: டெம்பரேச்சர், பேட்டரி வோல்டேஜ், ஆர்.பி.எம்., இன்ஜினுக்குள் போகும் (இன்டேக்) காற்றின் சூடு. பன்னிரண்டு டயல் அடுக்கினால் அழகாக இருக்கும், ஆனால் கே-லைனில் வினாடிக்கு ஐந்தாறு கேள்விதான் என்பதால் ஒவ்வொன்றும் இரண்டு வினாடிக்கு ஒருமுறைதான் அசையும்.

அடாப்டர் வாங்கும் இடத்தில்தான் ஏமாற வாய்ப்பு அதிகம். இந்த அடாப்டர்களை விற்கும் பெயரான இ.எல்.எம். 327 என்பது எல்ம் எலெக்ட்ரானிக்ஸ் என்ற கனடா நிறுவனம் செய்த சிப்பின் பெயர். அந்த நிறுவனம் 2022-ல் மூடப்பட்டுவிட்டது. ரிச்சி ஸ்ட்ரீட்டிலும் ஆன்லைனிலும் மலிவாகக் கிடைப்பவை அதைப் பார்த்துச் செய்தவை. பெட்டியில் வெர்ஷன் 1.5 என்று போட்டிருப்பார்கள்; அந்த எண்ணில் அசல் சிப் வந்ததே இல்லை. நகல் என்பதாலேயே ஒதுக்க வேண்டியதில்லை, நன்றாக ஓடும் நகல்களும் உண்டு. பழைய கார்க்காரர்கள் பார்க்க வேண்டியது ஒன்றே ஒன்று: அது கே-லைன் பேசுமா? கட்டைவிரல் அளவு குட்டி அடாப்டர்களில் சில கேன் மட்டுமே பேசும். புதுக் காரில் ஓடும், நம் காரில் செத்த மாதிரி கிடக்கும். நான் முதலில் வாங்கியது அப்படித்தான். காரில் கோளாறு என்று நினைத்து ஃப்யூஸ் வரை தேடினேன். காரைக் கொண்டுபோய் மாட்டிப் பார்த்து வாங்குங்கள், அல்லது திருப்பி எடுத்துக்கொள்ளும் கடையில் வாங்குங்கள். ஐபோன்காரர்கள் சாதாரண ப்ளூடூத் அடாப்டர் வாங்கக் கூடாது. அவர்களுக்கு வைஃபை அல்லது ப்ளூடூத் எல்.இ. வகைதான் சரிவரும்.

திரைக்கு போனே போதும். ஆனால் மேப்பும் போன் அழைப்பும் அதே போனில் வந்தால் டயல் மறைந்துபோகும். ஜி.பி. ரோட்டில் போடும் ஆண்ட்ராய்டு ஸ்டீரியோ ஏற்கெனவே காரில் இருந்தால் அதிலேயே ஆப்பை ஏற்றிவிடலாம். எனக்கு அதுதான் பிடித்திருக்கிறது. ஒரு எச்சரிக்கை: சில ஸ்டீரியோக்களின் ப்ளூடூத் போனைத் தவிர வேறு எதோடும் ஜோடி சேராது. ஸ்டீரியோ புதிதாக வாங்குவதாக இருந்தால் அடாப்டரைக் கையோடு கொண்டுபோய், கடையிலேயே 1234 என்று பின் நம்பர் கொடுத்து ஜோடி சேர்கிறதா பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள். பழைய போனை டேஷ்போர்டிலேயே நிரந்தரமாக ஒட்டிவிடலாம் என்று நினைப்பவர்கள், வெயிலில் நிறுத்திய காருக்குள் லித்தியம் பேட்டரி என்ன பாடுபடும் என்பதையும் நினைக்க வேண்டும். என்னிடம் இருந்த பழைய போன் ஒரே கோடையில் முதுகு உப்பிவிட்டது.

அப்புறம் பேட்டரி. 16-வது பின்னில் சாவியை எடுத்த பிறகும் கரன்ட் இருக்கும். என் அடாப்டர் சும்மா இருக்கும்போது எவ்வளவு இழுக்கிறது என்று மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தேன்: 42 மில்லி ஆம்பியர். ஒரு நாளைக்கு ஒரு ஆம்பியர்-அவர். தினமும் ஓட்டுகிற காருக்கு இது ஒன்றுமில்லை. பொங்கலுக்குப் பத்து நாள் ஊருக்குப் போனால் 35 ஆம்பியர்-அவர் பேட்டரியில் பத்து போய்விடும். பேட்டரிக்கு மூன்று வயது ஆகியிருந்தால் திரும்பி வரும்போது தள்ளித்தான் ஸ்டார்ட் செய்ய வேண்டும். தினமும் பிடுங்கிச் செருகினால் பழைய போர்ட்டின் பின்கள் தளர்ந்துவிடும். ஸ்விட்ச் வைத்த எக்ஸ்டென்ஷன் கேபிள் ஒன்று வாங்கிப் போட்டுக்கொள்வது நல்லது. தட்டையான கேபிளாகப் பாருங்கள், கிளட்ச் மிதிக்கும் காலில் இடிக்காது.

தனி சென்சார், தனி கேஜ்

மேலே சொன்ன எல்லாமே இ.சி.யூ.வின் சென்சாரை நம்பி இருப்பவை. போர்ட்டைத் தொடாமல், சொந்த சென்சாரும் சொந்த ஒயரும் உள்ள கேஜ் ஒன்று இருந்தால் மற்றது எது அறுந்தாலும் அது காட்டும். டெம்பரேச்சருக்கு மட்டும் நான் இதைப் போட்டேன். கூலியோடு மூவாயிரத்துக்குள் முடிந்தது.

ரேடியேட்டரின் மேல் ஹோஸை அறுத்து நடுவில் ஒரு அலுமினிய அடாப்டரைச் செருகி, அதில் சென்சாரைத் திருகுவதுதான் வழக்கம். புதுப்பேட்டையில் எனக்கு வேலை செய்து கொடுத்த எலெக்ட்ரீஷியன் பாய் சாமானைக் கையில் வாங்கிப் பார்த்ததும் கேட்டார்: "இது ஒத்த ஒயர் சென்சாரு. ஹோஸ்ல போட்டா எர்த் எப்டி சார் வரும்? ரெண்டு பக்கமும் ரப்பரு இல்ல?" எனக்கு அது தோன்றவே இல்லை. இன்ஜினில் நேராகத் திருகினால் உடம்பே எர்த். ஹோஸின் நடுவில் அந்த அலுமினியத் துண்டு அந்தரத்தில் நிற்கிறது. பாய் அதில் ஒரு சின்ன ஸ்க்ரூ போட்டு இன்ஜினுக்குத் தனியாக எர்த் ஒயர் இழுத்தார். அந்த ஒயர் இல்லாவிட்டால் முள் அசையாது, அல்லது தாறுமாறாக ஆடும். வாங்கும்போதே இரண்டு ஒயர் சென்சாராகப் பார்த்து வாங்கினால் இந்த வேலை மிச்சம்.

அவர் சொன்ன இன்னொன்றும் முக்கியம். "தண்ணி மொத்தமா ஒழுகிடுச்சுன்னா இது காட்டாது சார். அது தண்ணியில முங்கியிருந்தாத்தான் காட்டும்." உண்மைதான். கூலன்ட் இறங்கிவிட்டால் சென்சார் நீராவியிலோ காற்றிலோ நின்று குறைவான எண்ணைக் காட்டும். இன்ஜின் அதே நேரத்தில் வெந்துகொண்டிருக்கும். இ.சி.யூ.வின் சென்சாருக்கும் இதே குறை உண்டு. இதற்கு மாற்று, சிலிண்டர் ஹெட்டின் ஒரு போல்ட்டில் வளையம் போல மாட்டும் உலோகச் சென்சார். தண்ணீர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் உலோகத்தின் சூட்டைச் சொல்லும். அடிக்கடி ஹைவேயில் ஓட்டுபவர்கள், ஹோஸ் எல்லாம் பழசாகிப்போன கார் வைத்திருப்பவர்கள் ஹோஸ் சென்சாரைவிட இதைத் தேர்ந்தெடுப்பது மேல். இன்று மறுபடி போடுவதாக இருந்தால் நானும் அதைத்தான் போடுவேன்.

கேஜுக்கான கரன்ட்டை சாவி போட்டால் மட்டும் வரும் ஃப்யூஸிலிருந்து, ஃப்யூஸ் டேப் (ஃப்யூஸ் இடத்தில் செருகித் தனி லைன் எடுக்கும் சாமான்) வைத்து எடுக்கச் சொல்லுங்கள். ஒயரின் உறையைச் சுரண்டி முறுக்கி இன்சுலேஷன் டேப் சுற்றும் வேலைக்குச் சம்மதிக்காதீர்கள். ஒயர் ஜாயின்ட் எதுவும் கார்ப்பெட் மட்டத்தில் இருக்கக் கூடாது. வேளச்சேரியில் ஒரு மழைக்கு உள்ளே தண்ணீர் வந்தால் முதலில் பச்சை பூப்பது அந்த ஜாயின்ட்தான்.

யாருக்கு எது

கே-லைன் கார், தினசரி ஆபீஸ் ஓட்டம், டெம்பரேச்சர் முள் டாஷ்போர்டிலேயே இருக்கிறது என்றால் ஒரு நல்ல அடாப்டரும் போனும் போதும். முள் இல்லாத கார் என்றால் அதோடு தனி கேஜையும் போட்டுவிடுங்கள்; பட்ஜெட் ஒன்றுக்குத்தான் இடம் கொடுக்கிறது என்றால் கேஜ் முதலில். 2013-க்குப் பிந்தைய கேன் காரில் எச்.யூ.டி.யும் போனும் சேர்ந்துதான் வேண்டும் என்பவர்கள் ஒய் கேபிளை முயன்று பார்க்கலாம், ஆனால் எண்கள் உறைகின்றனவா என்று முதல் சில நாட்கள் கவனியுங்கள். கண்ணாடியில் வேகம் மட்டும் தெரிந்தால் போதும் என்பவர்களுக்கு ஜி.பி.எஸ். வைத்து வேகம் காட்டும் எச்.யூ.டி.க்களும் உண்டு, அவற்றுக்கு போர்ட்டே வேண்டாம். எந்தக் காரானாலும் சரி, மெக்கானிக் ஸ்கேனரை மாட்டும் முன் உங்களுடையதை எல்லாம் கழற்றிவிடுங்கள். இ.சி.யூ. புரோகிராம் ஏற்றும் வேலை என்றால் இது கட்டாயம். பாதியில் பேச்சு அறுந்தால் இ.சி.யூ.வே போய்விடலாம்.

இரண்டையும் போட்டவர்கள் ஒரு விஷயத்தைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். போனிலும் கேஜிலும் ஒரே எண் வராது. இ.சி.யூ.வின் சென்சார் இன்ஜினை ஒட்டி இருக்கிறது. என் கேஜின் சென்சார் ஹோஸில், கொஞ்சம் தள்ளி இருக்கிறது. காலையில் ஸ்டார்ட் செய்த புதிதில் போன் 70 காட்டும்போது கேஜ் 45-லேயே இருக்கும், ஏனென்றால் தெர்மோஸ்டாட் திறக்கும்வரை அந்த ஹோஸில் தண்ணீர் ஓட்டம் இல்லை. திறந்த பிறகு இரண்டும் நெருங்கி வந்து, என் காரில் மூன்று நான்கு டிகிரி வித்தியாசத்தில் நிற்கும். இன்று வடபழனி சிக்னலில் போன் 96-ஐத் தொட்டதும் ஃபேன் ஓடத் தொடங்கியது, கேஜ் அப்போது 92. இரண்டும் சேர்ந்தே இறங்கின. இந்த வித்தியாசம் என்றைக்காவது திடீரென்று பத்து டிகிரிக்கு மேல் போனால் நான் ஓரமாக நிறுத்தி, இன்ஜின் ஆறியதும் தண்ணீர் அளவைப் பார்ப்பேன்.